பெரியவர்களின் மாத்திரைப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால்: டர்பன் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கோ மாமனாருக்கோ பக்கத்து வீட்டு ஆயாவுக்கோ (பாட்டிக்கோ) மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை திடீரென்று உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பை நிறைய மருந்தைக் கையில் கொடுத்து, தவறாமல் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அல்லது கோயில் சேவைக் குழுவில் சேர்ந்து, தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்க்கும் பொறுப்பை ஏற்றிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம் பக்கம் அப்படிப் போய்வருகிற பழக்கத்தில் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை மாற்றுவதோ, நிறுத்துவதோ, புதிதாகச் சேர்ப்பதோ நம் வேலையும் இல்லை. எழுதிக் கொடுத்ததை அவர் ஒழுங்காகச் சாப்பிட வழி செய்வது மட்டும்தான் நம் பொறுப்பு. அதற்கே நிறையப் பொறுமை வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மாத்திரை டப்பா வாங்கலாம், ஃபோனில் எந்த ஆப் நல்லது என்பதைத்தான். டப்பா மறதிக்கு நல்ல மருந்து. ஆனால் மாத்திரையை விடுகிறவர்களில் பலர் மறக்கவில்லை. யோசித்து, முடிவெடுத்து, விட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்க்கான மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று சொன்னது. பாதி உலகத்துக்கு ஞாபகசக்தி இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தெரியாமல் நீங்கள் வாங்கி வைக்கும் டப்பா, நிரப்பியது நிரப்பியபடி அலமாரியில் கிடக்கும்.

முதலில் பையைக் கொட்டுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே மேசையில் பரப்புங்கள். எல்லாம் என்றால் எல்லாம்தான்: அரசு கிளினிக்கில் கொடுத்த சிறு பிளாஸ்டிக் பைகள், தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்த பெட்டிகள், தலையணைக்கடியில் இருக்கும் அட்டை, ஹேண்ட்பேக்கில் இருக்கும் பாதி அட்டை, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நிற்கும் சிரப், சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆயுர்வேத லேகியம், கண் சொட்டு மருந்து. ஆயாவையும் கூடவே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாதபோது அவர் பையைத் திறப்பது மரியாதை இல்லை; பயனும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும், அதை அவர்தான் சொல்ல முடியும்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டில் இப்படிக் கொட்டியபோது அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இரண்டு பேரில் வந்தது. கிளினிக் பையில் அம்லோடிபின் என்றே அச்சிட்டிருந்தது. தனியார் டாக்டர் கொடுத்த பெட்டியில் அம்லாக் என்று இருந்தது. உள்ளே இருப்பது ஒரே மருந்து. அந்த அம்மா காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டையும் நியமமாகச் சாப்பிட்டு வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. இரண்டு இடத்தில் வைத்தியம் பார்க்கிறவர்கள் இங்கே ஏராளம்: கிளினிக்கில் இலவசம் என்பதால் அங்கே ஒரு கால், அவசரத்துக்குத் தெருமுனை டாக்டரிடம் ஒரு கால். அதனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்டுப் பெயரைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் குளூக்கோஃபாஜும் மெட்ஃபார்மினும் ஒன்று. பிரஷருக்குக் கொடுக்கும் ஃபார்மாபிரெஸ்ஸும் எனலாப்ரிலும் ஒன்று. இரட்டையாகத் தெரிந்தால் நீங்களே ஒன்றைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு மருந்தாளுநரிடம் போய்க் காட்டுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஒரே மருந்து மாதத்துக்கு மாதம் நிறம் மாறி வரும். அரசு டெண்டர் வேறு கம்பெனிக்குப் போனால் வெள்ளை வட்ட மாத்திரை மஞ்சள் நீள மாத்திரையாகிவிடும். தனியார் மருந்துக் கடையிலும் விலை குறைந்த ஜெனரிக் (வேறு கம்பெனி செய்யும் அதே மருந்து) இருந்தால் அதைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தென்னாப்பிரிக்கச் சட்டமே சொல்கிறது, அதனால் அங்கேயும் மாறும். பெரியவர்கள் மாத்திரையைப் பெயரால் அறிவதில்லை, நிறத்தால்தான் அறிகிறார்கள். நிறம் மாறினால் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு மாதமும் புதுப் பையைத் திறக்கும்போது, "ஆயா, இது உங்க பழைய பிரஷர் மாத்திரைதான், சட்டை மட்டும் மாத்தியிருக்காங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

காலாவதியானவை, யாருடையது என்று தெரியாதவை, இறந்துபோன தாத்தாவின் மிச்சங்கள் (இவை எல்லா வீட்டிலும் இருக்கும்) ஆகியவற்றைத் தனியாகக் கட்டி மருந்துக் கடையில் ஒப்படையுங்கள். கழிப்பறையில் கொட்ட வேண்டாம்.

ஒரு பக்கத்தில் அடங்கும் பட்டியல்

ஒரு தாள் போதும். மருந்தின் பெயர், மில்லிகிராம், எதற்காக, எப்போது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. "எதற்காக" என்ற பகுதியை அவர் மொழியில் எழுதுங்கள்: பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. தமிழ் பேசத் தெரிந்து எழுத்து தெரியாத பெரியவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்தால் போதும். சீட்டில் மானே என்று இருந்தால் காலை, நோக்டே என்றால் ராத்திரி, பிடி (bd) என்றால் நாளைக்கு இரண்டு தடவை, டிடிஎஸ் (tds) என்றால் மூன்று தடவை. எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்ன என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

இரண்டு இடத்தில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுவது. தெரியாமல் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட்டும் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான்; வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். கிழமையைப் பட்டியலில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

பட்டியலை ஃபோட்டோ எடுத்து உங்கள் ஃபோனில் வைத்துக்கொள்ளலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்னால் மட்டும் அவரிடம் கேளுங்கள். மன அழுத்த மாத்திரையோ எச்ஐவி மாத்திரையோ சாப்பிடுவது கேப் டவுனில் இருக்கும் சின்ன மருமகளுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் நினைக்கலாம். அது அவர் உரிமை.

காரணத்தைக் கேட்பது

இந்த வேலையின் கனமான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "சாப்பிட்டேம்பா" என்று பதில் வரும். எப்போதும் அப்படித்தான் வரும். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அதற்குப் பதில், "இதுல எது ஆயா உங்களுக்குத் தொல்லையா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாரும் ஒண்ணு ரெண்டு நாள் விடத்தான் செய்யுறாங்க. போன வாரம் உங்களுக்கு எந்த நாள் விட்டுப் போச்சு?" என்றும் கேட்கலாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். டீ ஆறினாலும் பரவாயில்லை.

மெரிபேங்க்கில் ஒரு தாத்தா. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது சிறுநீரைப் போக்கும் மாத்திரை. பென்ஷன் எடுக்கப் போகும் நாளிலும் வெள்ளிக்கிழமை கோயில் நாளிலும் மகள் வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தொடமாட்டார். டாக்ஸியில் ஏறினால் எங்கே இறங்கி ஒதுங்குவது? கேட்டால் வெட்கம், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கிளினிக்கில் பிரஷர் பார்த்தால் ஏறியிருக்கும். மாத்திரை போதவில்லை என்று நினைத்து இன்னொன்று சேர்த்தார்கள். அப்புறம் இன்னொன்று. இது எங்கே போய் முடியும் என்றால், ஒருநாள் வேறு எதற்கோ ஆஸ்பத்திரியில் படுத்து, நர்ஸ் எல்லா மாத்திரையையும் ஒழுங்காகக் கொடுக்க, பிரஷர் தடாலென்று இறங்கி மயங்கி விழுவதில்தான். தீர்வு என்னவோ சாதாரணமானது: கிளினிக் சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னதும், வெளியே போகும் நாளில் திரும்பி வந்து மத்தியானம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். மறைப்பதால் மருந்து கூடிக்கொண்டே போகும் என்பதைப் பெரியவர்களுக்கு ஒருமுறை இப்படி விளக்கிவிட்டால், அடுத்த தடவை அவர்களே வாயைத் திறப்பார்கள்.

அடிக்கடி காதில் விழும் மற்ற காரணங்கள் இவை. எனலாப்ரில் சாப்பிட்டால் வறட்டு இருமல் வரும் சிலருக்கு. சளி என்று நினைத்து இருமல் சிரப் குடித்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு, கேட்டால் மாற்றித் தருவார்கள். அம்லோடிபினால் கால் வீங்கும். கிட்னி போய்விட்டது என்று பயந்து நிறுத்துவார்கள். வீக்கம் வந்தால் கிளினிக்கில் காட்டட்டும், தானாக நிறுத்த வேண்டாம். மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்ட கையோடோ எடுத்தால் பெரும்பாலும் அடங்கும், இல்லையென்றால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. அந்த மெதுவாகக் கரையும் மாத்திரையின் கூடு சில நேரம் மலத்தில் முழுசாக வெளியே வரும். பார்த்துவிட்டு, மாத்திரை வேலையே செய்யவில்லை என்று நிறுத்தியவர்கள் உண்டு. மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வந்தது வெறும் கூடுதான் என்று சொல்லுங்கள். மாத்திரை பெரிதாக இருக்கிறது என்று இடித்துப் பொடியாக்குகிறவர்களும் உண்டு. மெதுவாகக் கரையும் வகையை இடிக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

உடம்பு நன்றாக இருக்கிறது, எதற்கு மாத்திரை? இந்தக் கேள்விக்குப் பயமுறுத்திப் பதில் சொல்லாதீர்கள். ஸ்ட்ரோக், கால் எடுப்பது என்றெல்லாம் அடுக்கினால் அவர் உங்களைப் பார்ப்பதையே தவிர்ப்பார். பிரஷருக்கு வலி கிடையாது, அதனால் கருவியில் எண்ணைக் காட்டுவதுதான் வழி. வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் வாரம் இரண்டு தடவை, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஒரே நேரத்தில் பார்த்துத் தாளில் எழுதுங்கள். மாத்திரை விட்ட வாரமும் சாப்பிட்ட வாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவருக்கே புரியும்.

அப்புறம் நம் வீட்டு வைத்தியம். பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், அதனால் சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்பார்கள். சண்டை போட வேண்டாம். பாகற்காயைச் சாப்பாட்டில் சாப்பிடட்டும். ஆனால் தினமும் ஒரு டம்ளர் சாறும் குடித்து, கிளிக்ளசைடு என்ற சர்க்கரை மாத்திரையும் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதைச் சொல்லி, டாக்டரிடமும் சொல்ல வையுங்கள். நான் உண்மையில் பயப்படுவது பாகற்காய்க்கு இல்லை, கடை முனையில் கிடைக்கும் கிராண்ட்பா பவுடருக்கு. தலைவலி என்றால் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் கொட்டிக்கொள்வது இந்த ஊரில் மூன்று தலைமுறைப் பழக்கம். அதில் ஆஸ்பிரினும் பாராசிட்டமாலும் காஃபினும் இருக்கின்றன. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் இதைப் போட்டால் உள்ளே இரத்தக் கசிவு ஏற்படலாம். புரூஃபென் மாதிரியான வலி மாத்திரைகளும் எனலாப்ரிலோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் கிட்னியைப் பதம் பார்க்கும். வயிறு உப்புசம் என்றால் ஈனோ. அதில் இருப்பது சோடியம், பிரஷர்காரர்களுக்கு ஆகாது. எதைச் சாப்பிட்டாலும் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் கிரேப்ஃப்ரூட்டைத் தவிர்க்க வேண்டும். மாத்திரை மருந்துதான், பழமும் பவுடரும் மருந்தில்லை என்று நினைப்பதில்தான் வம்பு.

நேரமும் டப்பாவும்

காரணங்கள் தெரிந்து, கிளினிக்கில் பேசிச் சரிசெய்த பிறகு மிச்சம் இருப்பது மறதி. இங்கேதான் டப்பாவுக்கு வேலை.

கடிகார நேரத்தோடு மாத்திரையைக் கட்டாதீர்கள், அவர் தினமும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு கட்டுங்கள். காலையில் சாமி விளக்கு ஏற்றுகிறவருக்கு விளக்குப் பக்கத்தில். சாயங்காலம் டிவி சீரியல் விடாதவருக்கு ரிமோட் பக்கத்தில். தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு வேண்டும், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னால். அதனால் அது படுக்கைப் பக்கத்தில் தண்ணீரோடு இருக்கட்டும். சிம்வாஸ்டாட்டின் ராத்திரிக்கு. நீர் மாத்திரையை ராத்திரி கொடுத்தால் தூக்கம் போய்விடும், இருட்டில் எழுந்து விழவும் வாய்ப்புண்டு.

ஏழு நாள் டப்பாவை நிரப்பும்போது ஒரு நாளுக்கு ஒரு நாளாக நிரப்பாதீர்கள். ஒரு மருந்தை எடுத்து ஏழு அறையிலும் போட்டு, அந்தப் பையை மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த மருந்தைத் திறங்கள். பேச்சு, டிவி எதுவும் வேண்டாம். முடிந்ததும் ஒவ்வொரு அறையிலும் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். எல்லா மருந்தும் டப்பாவுக்குப் போகக்கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் எபிலிம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டர்பன் கோடைகாலக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். சாப்பிடும் வரை அதை அதன் ஃபாயிலிலேயே விடுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் டப்பாவில் சேராது, எப்போதும் அவர் கையருகே இருக்க வேண்டும்.

ஃபோன் அலாரம் நல்லதுதான், ஃபோன் பழகியவருக்கு. மற்றவர்களுக்கு, டர்பனோ வெளியூரோ, பிள்ளைகள் சாயங்காலம் ஃபோன் செய்து பேசும் நேரம்தான் அலாரம்.

மூச்சுக்கு இழுக்கும் பம்ப் வைத்திருக்கிறவர் வீட்டில் ஒரு நாள் அவர் எப்படி இழுக்கிறார் என்று பாருங்கள். பாதி மருந்து பெரும்பாலும் தொண்டையிலேயே படிந்துவிடும். பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் கூடு, அதாவது ஸ்பேசர், இருந்தால் நுரையீரலுக்குப் போய்ச் சேரும். வாங்க முடியவில்லை என்றால் 500 மில்லி குளிர்பான பாட்டில் ஒன்றின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டால் அதுவே ஸ்பேசர். கேப் டவுனில் பேராசிரியர் ஹெதர் ஸாரின் குழு குழந்தைகளிடம் சோதித்து, இந்த பாட்டில் வேலை செய்கிறது என்று 1999-இல் காட்டியது. எப்படிச் செய்வது என்று கிளினிக்கில் காட்டித் தருவார்கள். ஸ்டீராய்டு பம்ப் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாய்க்குள் வெள்ளையாகப் படரும்.

இன்சுலினைத் திறக்காத வரை குளிர்சாதனப் பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். தற்போது போட்டுக்கொண்டிருக்கும் பேனா பெரும்பாலானவை வெளியே, வெயில் படாத இடத்தில், நான்கு வாரம் வரை தாங்கும். பெட்டிச் சீட்டைப் பாருங்கள். அதனால் மின்வெட்டு என்றதும் பதற வேண்டியதில்லை, பெட்டிக் கதவைத் திறக்காமல் இருந்தாலே சில மணி நேரம் குளிர் நிற்கும். காரின் டேஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

விரத நாட்கள்

நம் ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எந்த மருத்துவக் கையேட்டிலும் தைப்பூசம் இருக்காது.

காவடிக்கு முன்னால் பத்து நாள் விரதம், புரட்டாசி சனிக்கிழமைகளில் ஒருவேளைச் சாப்பாடு, ஈஸ்டர் நேரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் நேர்த்திக்கடன். இந்த நாட்களில் மாத்திரையை யாரையும் கேட்காமல் நிறுத்துவார்கள், அல்லது இன்னும் மோசமாக, சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் சாப்பிடுவார்கள். கிளிக்ளசைடு, கிளிமெபிரைடு, இன்சுலின் மூன்றும் வயிற்றில் சாப்பாடு இல்லாமல் இறங்கினால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், சம்பந்தமில்லாத கோபம். கோயிலில் இப்படி ஆடுகிறவரைப் பார்த்து அருள் வந்துவிட்டது என்று எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். சர்க்கரை நோயாளி என்று தெரிந்தால் நீங்கள் ஒதுங்க வேண்டாம். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. அப்புறம் சாப்பாடு. நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

விரதம் இருக்கக் கூடாது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் மறைத்து இருப்பார்கள். விரதம் தொடங்க இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே கிளினிக்கிலோ டாக்டரிடமோ தேதியைச் சொல்லுங்கள். சில மருந்துகளின் நேரத்தையும் அளவையும் அவர்கள் மாற்றித் தருவார்கள். சிலரிடம், இந்த வருடம் பால் பழ விரதம் போதும் என்று சொல்வார்கள். பெரியவர் அப்படியும் இறங்கி வரவில்லை என்றால் கோயில் ஐயரையே பேசச் சொல்லுங்கள். தண்ணீரோடு மருந்து சாப்பிடுவது விரதத்தைக் கெடுக்காது என்று அவர் வாயால் வந்தால் மறுபேச்சு இருக்காது. நான் நூறு விளக்கம் சொன்னாலும் அவர் சொல்லும் ஒரு வரிக்கு ஈடாகாது, அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மருந்து தீர்ந்துபோகாமல்

ஒழுங்காகச் சாப்பிடுகிறவரும் விடுவது இங்கேதான். டப்பா காலி, கிளினிக் தேதி அடுத்த வாரம்.

அரசு கிளினிக்கில் ஆரம்பச் சிகிச்சை இலவசம். விலை என்பது வரிசைதான். நோய் கட்டுக்குள் வந்து சில காலம் ஆகியிருந்தால், டப்லாப் மெட்ஸ் என்ற திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். 2014-இல் தொடங்கிய அரசுத் திட்டம் இது. மருந்து பொட்டலமாகக் கட்டி, பேர் போட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வரும்: சில மருந்துக் கடைகள், சில சமூகக் கூடங்கள். வந்ததும் ஃபோனுக்கு எஸ்எம்எஸ் வரும். அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, பதிவில் இருக்கும் ஃபோன் எண். பெரியவர்கள் சிம் கார்டு மாற்றிவிட்டுச் சொல்லவே மாட்டார்கள், எஸ்எம்எஸ் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் எண்ணைக் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு, கெடு. குறித்த நாட்களுக்குள் எடுக்காத பொட்டலம் திரும்பிப் போய்விடும். அவருக்குப் பதில் வேறொருவர் வாங்கலாமா, என்ன கடிதம் வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் அன்றே கேட்டுவிடுங்கள்.

சீட்டு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குத்தான் ஓடும். கடைசிப் பொட்டலம் வாங்கியதும் மறுபடி கிளினிக்கில் பார்த்துப் புதுச் சீட்டு எழுத வேண்டும். காலண்டரில், ஆறாவது மாதத்தில் இல்லை, ஐந்தாவது மாதத்தில் குறித்து வையுங்கள்.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருக்கிறவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தெரியாமல் போகிறது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பிரஷர், சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு உள்ளிட்ட நீண்டகால நோய்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்த நோய்களுக்கான சிகிச்சையை எந்தத் திட்டமானாலும், மிக மலிவான திட்டமே ஆனாலும், ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் டாக்டர் நோயைப் பதிவு செய்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பதிவு செய்யாதவரை மருந்துக் காசு அந்தத் திட்டத்திலேயே இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து போகும், ஆகஸ்ட் செப்டம்பரில் அது காலியானதும் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட ஆரம்பிப்பார்கள். வருடக் கடைசியில் பிரஷர் ஏறுகிறது என்றால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும். பதிவு செய்த பிறகும் கையிலிருந்து காசு கேட்டால், திட்டத்தின் பட்டியலில் இருக்கும் மருந்தா, அவர்கள் சொன்ன கடையா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஜெனரிக்குக்கு மாறினாலே சரியாகிவிடும்.

ஊருக்குப் போவதானால், சென்னைக்கோ ஜோஹன்னஸ்பர்க்குக்கோ, ஒரு வாரத்துக்கு மிச்சமாகவே மருந்து கையில் இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சீட்டின் நகலோடு.

ஒரு வேளை விட்டுப்போனால்

சீக்கிரம் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடரலாம். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகச் சாப்பிடக் கூடாது. இது பொதுவான விதி. இன்சுலின், வார்ஃபரின், வலிப்பு மருந்து ஆகியவற்றுக்கு மருந்தாளுநரிடம் கேட்டுத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்துகள் என்று சில உண்டு: பிரஷருக்கான அட்டெனலால், பல நாள் சாப்பிட்ட பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரைகள். டிபி மருந்து ஆறு மாதம் ஓடும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடம்பு தேறிவிடும், அங்கேதான் விடுவார்கள், விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாகத் திரும்பி வரலாம். எச்ஐவிக்குப் பெரும்பாலானவர்களுக்கு இப்போது நாளைக்கு ஒரே மாத்திரைதான். நம் வீடுகளில் அதை மறைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. பெட்டிப் பேரைக் கிழித்து வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருந்தால் கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள். சாப்பிடுகிறார் என்பதுதான் முக்கியம்.

வாந்தி பேதியோடு தண்ணீர் கூடத் தங்காத நாளில் மட்டும், மெட்ஃபார்மின், எனலாப்ரில், நீர் மாத்திரை ஆகியவற்றைத் தொடரலாமா என்று அன்றே ஃபோன் செய்து கேட்க வேண்டும். உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சுத் திணறல், கருப்பாக மலம் போதல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுதல் இவற்றுக்கு ஃபோனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 10177, செல்ஃபோனிலிருந்து 112. மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள்.

கிளினிக்கில் அவர் பக்கத்தில் உட்காரும்போது

பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும். விட்டுப்போன நாட்களை அவரே சொல்ல முன்கூட்டியே தைரியம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். டாக்டர் புது மருந்து எழுதினால், எதற்காக, எத்தனை நாள், பழையதில் எது நிற்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதைக் கேட்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதனால்தான் பை கனத்துக்கொண்டே போகிறது. வெளியே வந்ததும் காரிலோ டாக்ஸி நிறுத்தத்திலோ, "ஆயா, இப்ப புதுசா கொடுத்ததை எப்ப சாப்பிடணும்னு எனக்கு ஒருதரம் சொல்லுங்க" என்று கேளுங்கள். தடுமாறினால் திரும்ப உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரலாம், மருந்து ஜன்னல் இன்னும் திறந்துதான் இருக்கும்.